மல்லாட்டைக் கொல்லையும் மூன்றாவது புரூஃபும்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "ஏம்பா, புது நாவல் வருதாமே. அதைப் பத்தி அரை மணி நேரம் பேசேன். பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். உபயோகமா இருக்குமா என்பதை நீங்கள்தான் சொல்லணும். இங்கே டாக்டராக வந்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள், பாங்க் மேனேஜர்கள் இருக்கிறீர்கள், துபாயிலிருந்து லீவு போட்டு வந்தவர் ஒருவர் இருக்கிறார். நான் செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் இரண்டரை ஏக்கர் வைத்துக்கொண்டு, இரண்டு கறவை மாடு வைத்துக்கொண்டு, நடுநடுவே நாவல் எழுதுகிற ஆள். இது மூன்றாவது நாவல். முதல் இரண்டையும் எங்கள் வகுப்பில் படித்தவர்களில் எத்தனை பேர் வாசித்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நட்பு முக்கியம்.

முதலில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். காலை நாலரைக்கு மாடு எழுப்பிவிடும். பால் கறந்து ஆறு மணிக்குள் சொசைட்டியில் ஊற்றணும். அப்புறம் மும்முனைக் கரண்ட் எந்நேரம் வருதோ அந்நேரம் மோட்டார் போடணும். நான் எழுதுகிற இடம் அந்த மோட்டார் கொட்டகைதான். ஆறடிக்கு ஏழடி இருக்கும். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் யாரும் கூப்பிட்டால் காது கேட்காது, அதனால் யாரும் கூப்பிடுவதும் இல்லை. தண்ணீர் ஒரு பாத்தி பாய இருபது நிமிஷம். மடையை மாற்றிவிட்டு வந்து ஒரு பக்கம், மறுபடி மடை, மறுபடி ஒரு பக்கம். என் வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன என்று ஒரு விமர்சகர் பாராட்டி எழுதினார். பாத்தி சின்னது, அவ்வளவுதான்.

எழுதுகிற காலம் ஒரு மாதிரி என்றால், புத்தகம் வரப்போகிற காலம் வேறு மாதிரி. பதிப்பாளர் சென்னையில் இருக்கிறார். புரூஃப் முன்பெல்லாம் தபாலில் கட்டாக வரும். இப்போது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. வெயிலில் போன் திரை கண்ணுக்குத் தெரியாது. அதனால் செஞ்சி காந்தி பஜாருக்குப் போய் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு வாங்கிக்கொண்டு வருவேன். அந்த ஜெராக்ஸ் கடைப் பையன் முதல் தடவை, "இன்னா சார், இவ்ளோ பெரிய பத்திரம்?" என்று கேட்டான். அவன் கடைக்கு வருகிறதெல்லாம் பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல்தான். "கதைப்பா" என்றேன். "தேசிங்கு ராஜா கதையா சார்?" என்றான்.

இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாகணும். செஞ்சிக்காரன் ஒருத்தன் நாவல் எழுதினால் அது கோட்டையைப் பற்றித்தான் இருக்கும் என்று உலகமே முடிவு செய்து வைத்திருக்கிறது. உலகத்தின் மேல் தப்பும் இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் மதிலால் வளைத்த கோட்டை அது. நாயக்கர், பீஜப்பூர்காரர், 1677-இல் சிவாஜி, அப்புறம் முகலாயர், பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே வந்த இடம். சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை வருஷக்கணக்கில் வெளியே முற்றுகை போட்டு உட்கார்ந்து 1698-இல்தான் பிடித்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் ராணுவ நிலப்பரப்புகள் என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, பதினொன்று மகாராஷ்டிரத்திலும் ஒன்று மட்டும் தமிழ்நாட்டிலும் இருந்தது. அந்த ஒன்று நம்ம செஞ்சி.

தேசிங்கு ராஜா விஷயம் இன்னும் வேடிக்கை. 1714-இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோடு சண்டை போட்டுச் செத்துப்போன இளைஞன். செஞ்சியை அவன் ஆண்டது மாசக்கணக்கில்தான். தோற்றுப்போனவன். ஆனால் அவனுடைய குதிரையையும், கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து அவனோடு செத்த முஸ்லிம் நண்பனையும் சேர்த்துக் கதைப்பாட்டாகப் பாடினார்கள். பெரிய எழுத்துப் புத்தகமாகப் போட்டுச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்றார்கள். 1960-இல் எம்.ஜி.ஆர். படமும் வந்துவிட்டது. வென்ற நவாபுக்கு ஒரு பாட்டு கிடையாது. எங்கள் பக்கத்தில் புத்தகம் என்று ஒன்று விற்பனையானது என்றால் அதுதான். எனக்குப் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, அட்டைப்படம் வந்தது. பார்த்தால் ராஜகிரி. சூரிய அஸ்தமனம், கோட்டை, ஒரு குதிரை நிழல். என் நாவலில் குதிரையே கிடையாது. ஒரு கிணறு இருக்கிறது, மூன்று பங்காளி வீடு இருக்கிறது, கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை இருக்கிறது. பதிப்பாளருக்குப் போன் செய்தேன். "சார், கோட்டை போட்டா புக் ஃபேர்ல எடுத்துப் பார்ப்பாங்க" என்றார். எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே கிணறு இருந்தால் திரும்ப வைத்துவிடுவார்களே என்றேன். நான்கு நாள் பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் கிணற்றடியில் ஒரு கமலைக் கல். அந்தப் படத்தை நானே போனில் எடுத்து அனுப்பினேன். எங்கள் கொல்லையிலிருந்து பார்த்தால் ராஜகிரி தெரியும். ஆனால் நாங்கள் அதைப் பார்ப்பது, மழை அந்தப் பக்கம் இறங்குதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

சரி, இந்த மாதிரி கிராமத்தில் இருந்துகொண்டு எழுதுவது நான் ஒருவன் செய்கிற அதிசயம் ஒன்றுமில்லை. மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ளணும். நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே பாருங்கள். விருத்தாசலம் பக்கத்தில் மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பஸ்ஸுக்கு வேலை பார்த்தவர். முந்திரிக் காட்டு ஜனங்களின் பேச்சை அப்படியே வைத்து 1999-இல் 'அஞ்சலை' எழுதினார். பணிமனை வாழ்க்கையையே 'நெடுஞ்சாலை' என்று நாவலாக்கினார். அதோடு விடாமல், நடுநாட்டுச் சொற்களைத் திரட்டி ஒரு அகராதியே போட்டார். பல்கலைக்கழகத் துறை செய்ய வேண்டிய வேலை அது. பஸ் ரிப்பேர் பார்க்கிற கை செய்தது. இமையம் பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தவர். 1994-இல் 'கோவேறு கழுதைகள்' வந்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்கே துணி வெளுக்கிற குடும்பத்தின் கதை. அதை எழுதலாமா கூடாதா என்று எழுந்த விவாதம் வருஷக்கணக்கில் ஓடியது. அவருக்கு 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே இடைசெவல் கிராமத்து விவசாயி கி. ராஜநாராயணன், 1982-இல் கரிசல் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். அவர் கடைசிக் காலம் நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியில்தான் கழிந்தது, 2021 வரைக்கும்.

நாவலாசிரியன் ஏன் அகராதி போடுகிறான் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அது இரண்டாவது புரூஃப் பார்க்கும்போதுதான் உறைத்தது. மெய்ப்புத் திருத்துகிறவர் நல்ல மனுஷன், தெற்கத்திக்காரர். நான் 'மல்லாட்டை' என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் 'நிலக்கடலை' என்று மாற்றிவிட்டார். எண்ணிப் பார்த்தேன், எழுபத்தோரு இடம்.

செஞ்சிக்காரர்கள் சிரிக்கிறீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தென்னமெரிக்காவில் பிறந்த பயிர், மணிலா வழியாக வந்தது என்பதால் மணிலாக்கொட்டை. அது மல்லாக்கொட்டையாகி, எங்கள் வாயில் மல்லாட்டையாகிவிட்டது. பிலிப்பைன்ஸ் தலைநகரத்தின் பேரை எங்கள் ஊர்க் கிழவி ஒருநாளைக்கு நூறு தடவை சொல்கிறாள், அவளுக்கே தெரியாது. அதே சரக்கை மூட்டை பிடித்துச் செஞ்சி கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, கொண்டுபோனால் அங்கே அது 'மணிலா', எண்பது கிலோ மூட்டைக்கு இவ்வளவு விலை என்று சொல்வார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நிலக்கடலை. சென்னையில் வேர்க்கடலை. கொல்லையில் நிற்கிறவள் எதைச் சொல்கிறாள், வியாபாரி எதைச் சொல்கிறான், படித்துவிட்டு வந்த பெண் எதைச் சொல்கிறாள் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. ஒரே சொல்லாக மாற்றினால் எல்லோரும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள். எழுபத்தோரு இடத்தையும் சிவப்பு மையில் திருப்பி எழுதினேன். வியாபாரி பேசுகிற ஐந்து இடத்தில் 'மணிலா' அப்படியே இருக்கிறது. திருத்துகிறவர் போன் செய்து, "எங்க ஊர்ல வெறும் கடலைதான் சார்" என்று சிரித்தார். இதே மாதிரிதான் கழனியும் கொல்லையும். எங்களுக்குத் தண்ணீர் பாய்கிறது கழனி, வானம் பார்க்கிறது கொல்லை. பத்திரத்தில் எழுதும்போது மட்டும் நஞ்சை, புஞ்சை.

காசு விஷயம் கேட்பீர்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நாவல் 272 பக்கம், பதினாறு பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கில் பதினேழு பாரம். விலை 340 ரூபாய். எனக்கு நூற்றுக்குப் பத்து, ஆக ஒரு பிரதிக்கு 34 ரூபாய். முதல் அச்சு 300 பிரதி. முன்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு அடிப்பார்கள், நூலக ஆணை வந்தால் பெரும்பகுதி அதில் போய்விடும். இப்போது டிஜிட்டலில் தேவைக்கு ஏற்ற மாதிரி அடித்துக்கொள்கிறார்கள். 300-ம் விற்றால் எனக்கு 10,200 ரூபாய். ஒரு ஏக்கர் மல்லாட்டை போட விதைக்கும் உழவுக்கும் ஆள் கூலிக்கும் இதைவிட அதிகம் ஆகிறது. அதனால் இந்த வருமானத்தைப் பற்றி நான் பேசுவதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உண்மையில் இந்த ஆறு மாசமாக என் தூக்கத்தைக் கெடுத்தது காசும் இல்லை, அட்டைப்படமும் இல்லை.

நாவலில் ஒரு அக்கா வருகிறாள். நிஜத்தில் அவள் என் பெரியப்பா மகள். அவளுக்குக் கல்யாணம் நடந்தது 1988 ஆவணியில். சட்டம் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தேதி சட்டென்று தெரியும். தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலப் பங்கு என்ற சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது. நம் சட்டம் முந்திக்கொண்டது என்று பெருமைப்படலாம். ஆனால் அதில் ஒரு வரி இருந்தது. அந்தத் தேதிக்கு முன்னாலேயே கல்யாணம் ஆகிப்போன பெண்களுக்கு அது பொருந்தாது. அக்கா ஏழு மாசத்தில் தவறவிட்டாள். அவள் தவறவிட்டாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை, முகூர்த்தம் குறித்தது பெரியப்பா.

1993-இல் பெரியப்பா போய்விட்டார். அவருடைய சொந்தப் பங்கில் மகளுக்கும் வாரிசுரிமை உண்டு என்பதால், அண்ணன்மார் இரண்டு பேரும் 1994-இல் அக்காவைச் செஞ்சிக்கு அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இது ஒன்றும் கொடுமைக்காரக் குடும்பம் இல்லை. எல்லா வீட்டிலும் நடப்பது. இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் வீட்டுப் பீரோவில் அந்த மாதிரி ஒரு பத்திரம் இருக்கும். அக்காவும் சண்டை போடவில்லை. பொங்கலுக்குச் சீர் வரும், அண்ணன் வீடு வேணும்.

நாவலின் நடுப்பாகம் அந்த ஒரு நாள்தான். பேரை மாற்றியிருக்கிறேன். இரண்டு அண்ணனை மூன்றாக்கியிருக்கிறேன். கிணற்றை மேற்கிலிருந்து கிழக்குக்குக் கொண்டுபோயிருக்கிறேன். இந்த வேலையெல்லாம் சென்னை வாசகனை ஏமாற்றும். எங்கள் ஊரில் கிணறு எந்தத் திசையில் இருந்தாலும் அது யார் கிணறு என்று மூன்றாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். இன்னொன்றும் சொல்லணும். என் கழனிக்கு வாய்க்கால் அந்த அண்ணன்மார் வரப்பு மேல்தான் வருகிறது.

நகரத்தில் எழுதுகிறவருக்கு விமர்சகர் மேல் பயம் இருக்கும். எனக்கு விமர்சகர் என்ன செய்யப்போகிறார்? புத்தகம் வந்த மறுநாள் காலையில் நான் யார் முகத்தில் விழிக்கணும் என்பதுதான் கேள்வி. பெருமாள்முருகனுக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2010-இல் வந்த 'மாதொருபாகன்', நான்கு வருஷம் சும்மா இருந்தது. 2014 கடைசியில் கிளம்பிய எதிர்ப்பில் 2015 ஜனவரியில் அவர் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவிக்கும்படி ஆயிற்று. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகே மறுபடி எழுத வந்தார். அது பெரிய விஷயம், ஊரும் சாதியும் கோயிலும் சேர்ந்தது. என்னுடையது ஒரு வாய்க்கால் அளவு. ஆனால் எனக்கு அந்த வாய்க்கால்தான் இருக்கிறது.

அதனால் மூன்றாவது புரூஃபை எடுத்துக்கொண்டு வளத்திக்குப் போனேன். அக்கா அங்கேதான் இருக்கிறாள். ஐந்தாவது வரை படித்தவள், கண் சரியில்லை, "நீயே படிடா" என்றாள். இரண்டு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். அவள் புளி கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள். பத்திரம் எழுதுகிற அத்தியாயம் முடிந்ததும் கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாம் சரிதான் தம்பி. டீயைக் காணோமே?" என்றாள்.

எந்த டீ என்றேன். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டதும் அண்ணன்மாரும் பத்திரம் எழுதியவரும் ஓட்டலுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். "நீ பையனை வெச்சிக்கினு இங்கயே இரு, வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வர நேரமாகிவிட்டது. இவள் நாலு வயசுப் பையனோடு புளியமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எதிரே இருந்த டீக்கடைக்குப் போய், தான் ஒரு டீ குடித்து, பையனுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்து, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வளத்திக்கு வந்துவிட்டாள். டீக்கும் பன்னுக்கும் பஸ்ஸுக்கும் அவள் காசு. பால் விற்ற காசு. முப்பது வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லையாம். "பங்கு கேட்டு அழுதான்னு எழுதிடாத. நான் அழல. டீ குடிச்சன்னு எழுது. அது என் காசுன்னு எழுது" என்றாள்.

எழுதினேன். நான்கு வரி. ஆனால் புத்தகத்தில் மூன்றாவது புரூஃபில் நான்கு வரி சேர்ப்பது சாதாரண விஷயமா? பக்கம் தள்ளுது, அத்தியாயம் அடுத்த பக்கத்துக்கு ஓடுது, பதினேழு பாரம் பதினெட்டாகும் என்று அங்கே பக்க வடிவமைப்பு செய்கிற பெண் தலையில் கை வைத்துக்கொண்டது. அதே அத்தியாயத்தில் பஸ்ஸிலிருந்து ராஜகிரி தெரிவதை நான்கு வரி வர்ணித்திருந்தேன், நன்றாகவும் இருந்தது. அதை அடித்துவிட்டு அந்த இடத்தில் டீயை வைத்துக்கொள்ளச் சொன்னேன். கோட்டை போனதில் பதிப்பாளருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்தது அண்ணன்மார். சின்ன அண்ணன் மோட்டார் கொட்டகைக்கே வந்து உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைக் கேட்டார். டீ வருகிற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். "நாங்க திரும்பி வந்து தேடனோம்பா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிப் பார்த்தன். அதையும் எழுதுவியா?" என்றார். அதை எழுத இடம் இல்லை. இங்கே சொல்கிறேன், மலரில் அச்சாகட்டும்.

பெரிய அண்ணன் கேட்கவே மாட்டேன் என்றார். "கேஸு போடச் சொல்லி எழுதியிருக்கியா?" என்று வரப்பில் நின்றுகொண்டு கேட்டார். அவருக்கு யாரோ, 2020-இல் சுப்ரீம் கோர்ட் மகள்களுக்குப் பிறப்பிலேயே பங்கு என்று தீர்ப்புச் சொன்னதை அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் எனக்குத் தெரிந்தவரை எடுத்துச் சொன்னேன்: 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பத்திரம் பதிந்து முடிந்துபோன ஏற்பாடுகளை அந்தச் சட்டம் கிளறுவதில்லை, உங்க பத்திரம் 1994. "அப்புறம் என்னாத்துக்கு எழுதற?" என்றார். பாருங்கள், இந்தக் கேள்வியை எந்தப் பேட்டியிலும் என்னை இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. நான் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. வாய்க்காலை மட்டும் அடைக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் அண்ணி வந்து, "அந்தப் பொஸ்தகத்துல நானும் வர்றனா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வருகிறார்.

வெளியீட்டு விழாவைச் சென்னையில் வைத்துக்கொள்ளலாம் என்றார் பதிப்பாளர். ஏ.சி. ஹால், நாற்பது பேர், போட்டோ. நான் ஊரில்தான் என்றேன். இடம் திரௌபதியம்மன் கோயில் எதிரே இருக்கும் பாரதக் களம். எங்கள் பக்கம் பாரதக் கூத்து எப்படி என்று உங்களுக்குத் தெரியும். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரி திரௌபதி கோயிலை மூலஸ்தானம் என்பார்கள். ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்தப் பக்கமெல்லாம் சுற்றிக் கூத்துப் பார்த்து, 1988-இல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் போட்டார். அதன் துணைத்தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று நம்ம ஊர்ப் பேர் இருக்கிறது. அந்தக் களத்தில் வருஷா வருஷம் துகில் உரிகிற ராத்திரி, தன்னையே தோற்றவனுக்கு என்னை வைத்து ஆட என்ன உரிமை என்று பாஞ்சாலி சபையைப் பார்த்துக் கேட்பாள். எங்கள் ஊர்ப் பெண்கள் அதை விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர்கள். என் நாவலில் அவர்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

தேதி குறிப்பதுதான் பெரும்பாடு. வெள்ளிக்கிழமை கூடாது, செஞ்சியில் வாரச்சந்தை, ஆடு பிடிக்கப் போய்விடுவார்கள். அமாவாசை கூடாது, எல்லாப் பஸ்ஸும் மேல்மலையனூருக்குத் திரும்பிவிடும். முகூர்த்த நாள் கூடாது. மல்லாட்டை பிடுங்குகிற வாரம் கூடாது, ஆள் கிடைக்காது, நானே வரமாட்டேன். எல்லாம் கழித்துப் பார்த்தால் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு மிஞ்சியது.

அழைப்பிதழ் அடித்தாயிற்று. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று பேர் வரிசைக்காக நடந்த பஞ்சாயத்தைத் தனி நாவலாக எழுதலாம். முதல் பிரதியை அக்கா வாங்கிக்கொள்ளணும் என்று கேட்டேன். "மேடையெல்லாம் வாணாம். முன்னாடி பாய்ல உக்கார்றன். ஒண்ணு காசு குடுத்து வாங்கிக்கறன்" என்று சொல்லிவிட்டாள். 340 ரூபாய் என்றேன். "இருக்குது" என்றாள். அதனால் முதல் பிரதியைச் சொசைட்டியில் பால் அளக்கிற தம்பி வாங்கிக்கொள்கிறான், அவன் என் முதல் நாவலை இரண்டு தடவை படித்தவன். சின்ன அண்ணன் மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டார். பெரிய அண்ணன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு பழத்தோடு போய் அழைப்பிதழை வைத்தேன். கல்யாணத்துக்கு வைக்கிற மாதிரிதான். எடுத்தார், திருப்பிப் பார்த்தார், காலண்டர் ஆணியில் குத்தி வைத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நீங்கள் வரணும். சாயங்காலம் நாலு மணிக்கு. செஞ்சிக்கு ரயில் கிடையாது, திண்டிவனத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ பஸ்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் ஊருக்கு டவுன் பஸ் மூன்று பத்துக்கு. அதை விட்டால் ஷேர் ஆட்டோ. திரும்பிப் போகக் கடைசி பஸ் எட்டு நாற்பது. அதற்குள் பேச்சாளர்களை முடித்துவிடுவேன், சுண்டல் உண்டு. மல்லாட்டைச் சுண்டல்.